சீரகமும் பட்டையும்

மூடியைத் தூக்காமல், இடக் காதைச் சட்டியருகே கொண்டுபோய் வைத்துக் கேட்பார் வெண்டல் கூச்சர். சில்லிக் குழம்பு இளகலாக இருந்தால் சலசலக்கும். பதம் வந்துவிட்டால் நடுவில் ஒரே ஒரு குமிழ் எழும்பி, பொளக்கென்று உடையும். அந்தச் சத்தத்துக்காகக் கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். அரைத்த மாட்டிறைச்சி, ராஜ்மா, தக்காளி, மிளகாய்த்தூள் எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று அடங்கிவிட்டதைக் காதுதான் அவருக்குச் சொல்லும்.

முன்பெல்லாம் மூக்கு சொல்லும். நெப்ராஸ்காவில் அந்தச் சிற்றூரின் தானியக் கிடங்கில் இருபத்தாறு வருடமாக மூக்குதான் அவர் உத்தியோகம். லாரியில் வரும் மக்காச்சோளத்தை ஒரு கை அள்ளி மோந்து பார்த்து, "போடு" என்பார், இல்லாவிட்டால் "திருப்பு" என்பார். முக்கல் வாடையடிக்கும் ஒரு லோடு உள்ளே போனாலும் குதிர் முழுக்கச் சூடேறிக் கெட்டுவிடும். பிப்ரவரியில் வந்த காய்ச்சல் போகும்போது மோப்பத்தையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. உப்பும் உறைப்பும் மட்டும் நாக்குக்கு மிச்சம். வெண்டல் வெளியே சொல்லவில்லை. சொன்னால் வேலை போகும். ஐம்பத்தெட்டு வயதுத் தனிக்கட்டைக்கு அந்த ஊரில் வேறு வேலை கிடையாது.

அறுவடைக்கு முந்தின ஞாயிறு, கிடங்கு மேலாளர் ஆர்லின் வாஸ் வெண்டல் வீட்டுக்கு வந்து சில்லி சாப்பிடுவது வருடாவருடம் நடப்பது. கூடவே பட்டைத்தூளும் சர்க்கரையும் வைத்துச் சுருட்டிச் சுட்ட ரொட்டியும் இருந்தாக வேண்டும். பள்ளிக்கூடத் தட்டில் இரண்டும் சேர்ந்தே வந்து, அந்தப் பக்கத்து நாக்குகள் அப்படிப் பழகிவிட்டன. வெளியூர்க்காரர்கள் சிரித்தால் வெண்டல் அவர்களுக்காகப் பரிதாபப்படுவார்.

அவர் மசாலாப் புட்டிகளில் பெயர் ஒட்டியதே இல்லை. மோந்து பார்த்தால் தெரியாதா என்பார். காய்ச்சலுக்குப் பிறகு இடப்பக்கம் சீரகத்தூள், வலப்பக்கம் பட்டைத்தூள் என்று வரிசை வைத்திருந்தார். அன்று காலை மேடையைத் துடைத்துவிட்டுப் புட்டிகளைத் திரும்ப வைத்தபோது இடம் மாறிவிட்டது.

"பட்டை வாசம் தெரு வரைக்கும் வருதுப்பா," என்றபடி வந்து உட்கார்ந்தார் ஆர்லின். ஒரு கரண்டி சில்லி வாய்க்குள் போனது. மெல்லுவது நின்றது. ரொட்டியைப் பிய்த்துக் கடித்தார்.

"புதுசா ஏதும் செஞ்சு பாத்தியா?"

"எப்பவும் செய்றதுதான்." வெண்டல் அதே ரொட்டியைச் சில்லியில் முக்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

ஆர்லின் தன் ரொட்டியை நீட்டினார். "மோந்து பாரு."

வெண்டல் மோந்தார். "நல்லாத்தானே இருக்கு?"

"சீரகம், வெண்டல். இதுல சீரகம் இருக்கு. பட்டை பூரா சட்டியில கிடக்கு."

குளிர்பெட்டி உறுமி ஓய்ந்தது.

"எப்பலேருந்து?"

"பிப்ரவரி."

"ஏழு மாசம். எத்தனை லோடு உள்ள விட்டிருக்கே, ஒனக்கே தெரியுமா?"

"ஒண்ணும் கெட்டுப்போகல."

"அதெப்பிடித் தெரியும் ஒனக்கு?"

வெண்டல் வளையத்திலிருந்து கிடங்குச் சாவியைக் கழற்றி, ஆர்லினின் கிண்ணத்தருகே வைத்தார். ஆர்லின் அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, கிண்ணத்தைக் காலி செய்துவிட்டுத்தான் எழுந்தார்.

மறுநாள் ஆர்லின் ஒவ்வொரு குதிராக வெப்பமானி இறக்கிப் பார்த்தார். ஒன்றில்கூடச் சூடு இல்லை. காரணத்தைப் பிறகுதான் டார்லா சொன்னார். கிடங்கு எடைமேடையில் லாரிகளை நிறுத்துச் சீட்டு எழுதுகிறவர் அவர். பிப்ரவரியிலிருந்து வெண்டல் ஒவ்வொரு லோடிலும் ஒரு காகிதக் கோப்பை அள்ளிவந்து, "எப்பிடி இருக்கு, பாரேன்," என்று அவருடைய ஜன்னலில் நீட்டியிருக்கிறார். டார்லா மோந்து பார்த்துச் சொன்னதைத்தான் லாரிக்காரரிடம் போய்ச் சொல்லியிருக்கிறார்.

"எங்கிட்டப் பேசறதுக்கு ஒரு சாக்குன்னுல்ல நெனச்சேன்," என்றார் டார்லா. மார்ச்சிலிருந்து அவர் வேலை நாட்களிலும் முத்துத் தோடு போட்டுக்கொண்டு வந்ததும் அதனால்தானாம்.