இரண்டாவது வரியில் ராமர்

தொண்ணூறுகளின் பின்பாதியில் தி. நகரில், ஒரு புடவைக் கடையின் மாடியில் எங்கள் கம்ப்யூட்டர் கம்பெனி இருந்தது. சிங்கப்பூர்க்காரர் ஒருவருக்கு நாங்கள் எழுதிய புரோகிராம்கள் தயார். அவற்றோடு போய் ஆறு மாதம் அங்கே இருந்துவிட்டு வர ஒரே ஒரு ஆளுக்குத்தான் இடம். போட்டியில் நானும், பக்கத்து சீட்டு சைதாப்பேட்டைக்காரனும். அவனிடம் எனக்குப் பிடிக்காத விஷயம் ஒன்றுதான். என்னைவிடக் கெட்டிக்காரன்.

முதலாளி மயிலாப்பூர்க்காரர். 'ஸ்ரீராமஜெயம்' போடாமல் எதையும் வெளியே அனுப்ப மாட்டார். "ஒரு ஃபைல் விடாம போட்டுடுங்கோடா. ஆளுக்குப் பாதி" என்றார். ஃபைல்களோ நூற்றுக்கணக்கில்.

நான் ஒவ்வொன்றாகத் திறந்தேன், தட்டினேன், மூடினேன். பக்தியில் விரல் வீங்கியது. அவனோ நாலு வரியில் ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் எழுதினான். எல்லா ஃபைலையும் அதுவே வரிசையாக எடுத்து, சொன்ன இடத்தில் சொன்ன வரியைச் செருகியது. காபி ஆறுவதற்குள் அவன் பாதி முடிந்துவிட்டது.

"இன்னா மச்சி, இன்னும் கையால அடிச்சிக்கினு கீறே? என்னுத எடுத்துக்கோ."

அந்தப் பெருந்தன்மையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஸ்கிரிப்டைக் குடைந்து குற்றம் தேடினேன். கிடைத்தது. நேரே முதலாளி அறைக்குப் போனேன்.

"சார், அவன் பகவானை ரெண்டாவது வரியில உட்கார வெச்சிருக்கான்."

"அபசாரம்! நீயே எல்லாத்தையும் முதல் வரிக்கு மாத்துடா."

அவன் ஸ்கிரிப்டிலேயே லேசாகக் கைவைத்து, எல்லா ஃபைலிலும் ராமரை உச்சியில் ஏற்றினேன். சிங்கப்பூருக்கு என்ன சட்டை எடுத்துப் போவது என்றுகூட யோசித்துவிட்டேன்.

சாயங்காலம் முதலாளி கற்பூரம் காட்டிவிட்டு, ஓட்டிக் காட்டச் சொன்னார். ஒன்றுகூட ஓடவில்லை.

"என்னடா இது, ராமர் பேரைப் போட்டா ஓடமாட்டேங்கறது?"

அவன் எட்டிப் பார்த்தான். "எந்த பாஷைல எழுதிக் கீதுன்னு மெஷினு மொத வரியப் பாத்துதான் சார் தெரிஞ்சிக்கும். அத்தக் கீழ தள்ளிட்டா முழிக்கும். ரெண்டாவதா நின்னா சாமி கோச்சிக்காது சார், மெஷினுதான் கோச்சிக்கும்."

முதலாளி சிரித்த சிரிப்பிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, விமானம் ஏறப்போவது யார் என்று.

மீனம்பாக்கத்துக்கு வழியனுப்பப் போனேன். "நீயும் சீக்கிரம் போவே நைனா" என்று அவன் அம்மா என் கன்னத்தைத் தடவினார். பல்லைக் காட்டினேன். கண் மட்டும் அவன் பெட்டியை விட்டு நகரவில்லை. சுற்றிலும் எல்லோரும் மூட்டைபோலத் தூக்கி மூச்சு வாங்கிக்கொண்டிருக்க, பாவி, சக்கரம் வைத்த பெட்டியை ஒற்றைக் கையால் இழுத்துக்கொண்டு போனான்.