எந்தப் பக்கம் போட்டாலும் சரி

பூட்டைத்தான் முதலில் பார்த்தேன். அக்கா வீட்டு முன்கதவில், வெளிப்பக்கமாக, கைக்கு அடங்காத ஒரு பித்தளைப் பூட்டு. அக்கா வீட்டில் இல்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, கையில் இருந்த அட்டைப்பெட்டியைப் படியில் இறக்கி வைத்தேன். அப்போது ஜன்னல் கம்பிகளுக்குப் பின்னால் அத்தானின் முகம் தெரிந்தது. மழை தூறிக்கொண்டிருந்தது. மலை பாதி மஞ்சுக்குள் போயிருந்தது. அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். வாயின் ஒரு பக்கம் மட்டும்தான் சிரிப்புக்கு ஒத்துழைத்தது. "வா பாப்பா" என்றார். பிறகு கதவு இருந்த பக்கம் கண்ணை ஓட்டிவிட்டு, தன் வீட்டுக்கு வந்த விருந்தாளியை உள்ளே கூப்பிட வழியில்லாத மனிதராகத் தலையைத் தாழ்த்திக்கொண்டார்.

அத்தான் காய்கறி லோரி ஓட்டியவர். பக்கத்து ஊர்களான திரிங்காப்பிலும் கோலா தெர்லாவிலும் முட்டைக்கோஸ் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு மலையிறங்கிப் போவார். மறுநாள் விடிந்து திரும்பி வருவார். அக்கா எங்கள் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் தூள் பிரிக்கும் பகுதியில் வேலை. லோரி வருமானம் நன்றாக இருந்த காலத்திலும் அவள் அந்த வேலையை விடவில்லை. விடவும் முடியாது. எங்கள் லயத்து வரிசை வீடுகள் தோட்டத்துக்குச் சொந்தம். வீட்டில் ஒருவராவது தோட்டத்து ஆளாக இருந்தால்தான் வீடு நமக்கு. அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அந்த வீட்டில் அக்கா இருப்பாள், அத்தான் வந்து போவார். நான் சிறுமியாக இருந்தபோது வளைவில் அவருடைய ஹார்ன் சத்தம் கேட்டாலே தெரியும், பையில் எனக்கு ஏதோ இருக்கிறது என்று.

பக்கவாதம் வந்த பிறகு வலது கை முழுவதும் போய்விட்டது. வலது கால் பாதி மிஞ்சியது. பேச்சு நின்று நின்று வரும். மருத்துவமனையிலிருந்து வந்த புதிதில் ஒரு காலை, அக்கா வேலைக்குப் போன பிறகு, அவர் கதவைத் திறந்துகொண்டு ரோட்டுக்குப் போகக் கிளம்பியிருக்கிறார். லயத்துக்கும் ரோட்டுக்கும் நடுவில் ஒரு ஆழமான கால்வாய், அதன் மேல் ஒரு சிமெண்டுப் பலகை. மஞ்சில் கால் வழுக்கி உள்ளே விழுந்தவர், அக்கம்பக்கத்தார் வேலை முடிந்து வரும்வரை மழையில் அங்கேயே கிடந்தார். பூட்டு அதற்குப் பிறகு வந்தது.

அன்று அக்கா வேலையிலிருந்து வந்து கதவைத் திறந்தபோது நான் கோபத்தோடுதான் உள்ளே போனேன். "என்னாக்கா இது, மனுசனப் போட்டுப் பூட்டி வச்சிருக்க?" என்றேன். அவள் தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து உதறினாள். தேயிலைத் தூள் வாசனை வீடெங்கும் பரவியது.

"நீ வந்து ஒரு வாரம் இருந்து பாரு. வேலய விட்டா வீடு போச்சு. வேலைக்குப் போனா இவரு போயிருவாரு. எத விடச் சொல்ற?"

அத்தான் நாற்காலியில் உட்கார்ந்து, தன்னைப் பற்றி அல்லாமல் வேறு யாரையோ பற்றிப் பேசுகிறார்கள் என்பதுபோல் தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது ஓடவில்லை.

நான் கொண்டுபோயிருந்த அட்டைப்பெட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஈப்போவுக்கு வெளியே ஒரு மரச்சாமான் தொழிற்சாலையில் வடிவமைப்பாளராக இருக்கிறேன். பலகைகளைப் பெட்டியில் தட்டையாக அடுக்கி விற்போம். வாங்குகிறவர்கள் வீட்டில் தாங்களே பொருத்திப் பூட்டிக்கொள்ள வேண்டும். அலமாரியும் மேசையும் எப்படியோ நின்றுவிடும். இழுப்பறைதான் எங்களுக்குத் தலைவலி. பின்பலகையைத் தலைகீழாகப் போடுவார்கள். இடப்பக்கத்தை வலப்பக்கமாக மாட்டுவார்கள். அடிப்பலகை பள்ளத்தில் உட்காராது. ஆணியை அடித்து உட்கார வைப்பார்கள். கொஞ்ச நாளில் துணிமணியோடு சேர்ந்து இழுப்பறை காலில் விழும். பிறகு புகார் வரும். தவறாகப் பூட்டவே முடியாத ஓர் இழுப்பறையைச் செய்வது என்னிடம் ஒப்படைக்கப்பட்ட வேலை.

பல மாதம் உழைத்து ஒன்றைச் செய்திருந்தேன். திருகாணி கிடையாது, பசை கிடையாது. ஒரு பலகையின் விளிம்பில் துருத்தும் நாக்கு அடுத்த பலகையின் பள்ளத்தில் போய் 'டக்'கென்று உட்காரும். ஒவ்வொரு மூலையிலும் நாக்கின் அகலத்தை வெவ்வேறாக வைத்திருந்தேன். சரியான பலகை, சரியான பக்கம், சரியான திசை. மூன்றும் சேர்ந்தால்தான் உள்ளே போகும். இல்லையென்றால் தடுத்துவிடும். அலுவலகத்தில் கொடுத்துப் பார்த்தபோது எல்லோரும் பூட்டிவிட்டார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. அதைத்தான் ஒரு பெட்டியில் போட்டு, அத்தானுக்குப் பொழுது போகட்டும் என்று மலைக்குக் கொண்டுவந்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பசியாறிய பிறகு பலகைகளை அவர் முன்னால் பரப்பினேன். "லாச்சியா?" என்றார். எங்கள் பக்கம் இழுப்பறையை அப்படித்தான் சொல்வோம். "ஆமா அத்தான், தப்பா போடவே முடியாது, போட்டுப் பாருங்க" என்றேன். அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. லோரி எஞ்சினைப் பிரித்துப் பூட்டிய கைகள் அவை. ஒன்று இப்போது மடியில் கிடந்தது; மற்றது பலகையைத் தூக்கியது.

ஒரு பக்கப் பலகையைத் தொடைக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு, முன்பலகையை அதில் செருகப் பார்த்தார். போகவில்லை. கீழே வைத்து, திருப்பி எடுத்து, மறுபடி செருகினார். போகவில்லை. இடுக்கியிருந்த பலகை நழுவி விழுந்தது. குனிந்து எடுக்கவே வெகுநேரம் ஆயிற்று. எடுத்ததும் எது எந்தப் பக்கம் என்பது மறந்துபோயிற்று. நான் உதவிக்குக் கை நீட்டியபோது தலையை ஆட்டி மறுத்தார். அலுவலகத்தில் இரண்டு கைக்காரர்களுக்கு அந்தத் தடை ஒரு நொடி. திருப்பிப் போடுவார்கள், முடிந்துவிடும். அவருக்கு ஒவ்வொரு திருப்பலும் ஒரு வேலைநாள். பலகையோ ஒவ்வொரு முறையும் மாட்டேன் என்றது. நெற்றி வேர்த்தது. கடைசியில் இடது கையை முஷ்டியாக்கி ஓங்கிக் குத்தினார். நாக்கு உடைந்து அறையின் மூலைக்குப் பறந்தது.

"கை முடியாதுங்குது. கதவு முடியாதுங்குது." ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்து வைத்தார். "நீ கொண்டாந்த பலகையுமா, பாப்பா?"

அதற்குப் பிறகு அவர் சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார். அவர் அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். பார்த்தேன் என்றுகூடச் சொல்லக்கூடாது, தோள் குலுங்கியது. அக்கா சமையலறையிலிருந்து வந்தாள். உடைந்த துண்டைக் குனிந்து எடுத்து என் கையில் வைத்துவிட்டுப் போனாள்.

ஈப்போவுக்குத் திரும்ப, சிம்பாங் பூலாய் மலை ரோட்டில் காரை ஓட்டிக்கொண்டு இறங்கும்போது எனக்கு அந்த வீட்டைத் தவிர வேறு நினைப்பு வரவில்லை. ஒரு மனிதர் பூட்டுக்கு உள்ளே இருக்கிறார். ஒரு பெண் பூட்டுக்கு வெளியே இருக்கிறாள். தொழிற்சாலைக்கும் லயத்துக்கும் நடுவில் இருக்கும் பாதையைத் தவிர அவளுக்கும் வேறு இடம் கிடையாது. இரண்டு பேரையும் அப்படியே விட்டுவிட்டு நான் போகிறேன். என்னால் செய்ய முடிந்த ஒரே காரியம் இழுப்பறை. ஆகவே இழுப்பறையைப் பற்றி யோசித்தேன். நான் தவறுகளை ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு தடுப்புச் சுவர் கட்டியிருந்தேன். சுவரில் மோதுகிறவரின் கையைப் பற்றி எனக்கு நினைப்பே இருக்கவில்லை.

மறுநாளே முதலிலிருந்து தொடங்கினேன். இந்த முறை இரண்டு பக்கப் பலகைகளையும் அச்சாக ஒன்றுபோலவே செய்தேன். இடம் வலம் என்ற பேச்சே கிடையாது. அடிப்பலகை உட்காரும் பள்ளத்தைக் கீழே ஒன்று, மேலே ஒன்று என்று இரு விளிம்பிலும் வெட்டினேன். தலைகீழாகப் போட்டாலும் அடியில் ஒரு பள்ளம் இருக்கும். மேலே மிஞ்சுவது அழகுக்குப் போட்ட கோடுபோலத் தெரியும். முன்பலகைக்கும் பின்பலகைக்கும் ஒரே நாக்கு. முகப்பைத் தனியாகக் கடைசியில் மாட்டிக்கொள்ளலாம். பலகையைப் பள்ளத்தில் மெல்ல வைத்தாலே, அழுத்துவதற்கு முன்பே, விழாமல் நிற்கும்படி பள்ளத்து வாயின் சரிவைக் கூட்டினேன். எங்கள் பிரிவுத் தலைவர் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, வேண்டாத பள்ளத்தை எதற்கு வெட்ட வேண்டும், இயந்திரத்துக்கு வேலை கூடுமே என்றார். ஒரு கையால் பூட்டிக் காட்டச் சொன்னேன். பழையதை ஒன்று, புதியதை ஒன்று. பழையதோடு போராடிக் களைத்த பிறகு அவர் வரைபடத்தில் கையெழுத்துப் போட்டார்.

அடுத்த முறை நான் மலைக்குப் போனபோது அத்தான் பெட்டியைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் வற்புறுத்தவில்லை. தரையில் பலகைகளைப் பரப்பி வைத்துவிட்டு அக்காவோடு சமையலறைக்குப் போய்விட்டேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தோம். கொஞ்ச நேரத்தில் 'டக்' என்று ஒரு சத்தம். அக்கா கையை நிறுத்தினாள். மறுபடி ஒன்று. நாங்கள் இருவரும் சமையலறை வாசலில் போய் நின்றோம். அவர் தரையில் உட்கார்ந்து, நின்றுகொண்டிருந்த பலகையில் இன்னொன்றை முழங்கையால் அழுத்திக்கொண்டிருந்தார். இழுப்பறை முழுதாக எழுந்துவிட்டது.

"சரியா போட்டிருக்கேனா?" என்றார்.

"எந்தப் பக்கம் போட்டாலும் சரிதான் அத்தான்."

அவர் நம்பவில்லை. பிரித்தார். வேண்டுமென்றே எல்லாவற்றையும் தலைகீழாக மாற்றிப் பூட்டினார். அதுவும் உட்கார்ந்தது. அதை இழுத்துத் தள்ளிப் பார்த்துவிட்டு, தொண்டைக்குள் சத்தமாகச் சிரித்தார். நான் அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. கீரைத் தண்டு கையில் நசுங்கிக்கொண்டிருந்தது.

"பலகைக்கு ஒரு வழி கண்டுபிடிச்ச இல்ல" என்றாள் என்னிடம். "எனக்கும் ஒண்ணு செஞ்சு குடு. இவரு எந்தப் பக்கம் கால வச்சாலும் விழாம இருக்கணும். இன்னைக்கே அந்தப் பூட்டத் தூக்கிக் கால்வாயில வீசறேன். பூட்டிட்டுத் திரும்பிப் பாக்காம ஓடறேன்டி. தெனமும் ஓடறேன்."

அத்தான் தரையில் இருந்தபடியே அவளை ஏறிட்டுப் பார்த்தார். பூட்டு போட்ட நாளிலிருந்து அவர்கள் இருவரும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதே இல்லை என்று பிற்பாடுதான் எனக்குத் தெரிந்தது.

வழியெல்லாம் கைப்பிடி வைக்கலாம் என்றேன். ஆனால் தோட்டத்து வீட்டில் மேனேஜரைக் கேட்காமல் ஒரு கம்பி நடக்கூடாது. அக்காவுக்குப் பயம். வீட்டில் ஒரு நோயாளி இருப்பதை ஞாபகப்படுத்தினால் வீட்டைத் திருப்பிக் கேட்கவும் யாராவது யோசிப்பார்களோ என்று. "எல்லாத்தையும் திருப்பிக் கழட்டிடலாம்னு சொல்லு" என்றேன். அப்படியே சொல்லி அனுமதி வாங்கி வந்தாள். திரிங்காப்பில் பயிருக்கு மேல் போட்ட மழைக்கூரையைப் பிரித்த ஒரு பண்ணையிலிருந்து, அத்தானோடு லோரி ஓட்டிய கூட்டாளி பழைய குழாய்களைக் கொண்டுவந்து இறக்கினார். படியிலிருந்து கால்வாய்ப் பலகையின் இருபுறமும் ரோட்டோரம் வரைக்கும் கைப்பிடி வைத்தோம். இரு பக்கமும் ஒரே உயரம். போகும்போதும் திரும்பும்போதும் இடது கைக்கு ஒரு பிடி கிடைக்க வேண்டும். பலகையைச் சுற்றிக் கால்வாயின் வாயைக் கம்பி வலையால் மூடினோம். விழுந்தாலும் உள்ளே போகமாட்டார்.

விழத்தான் செய்தார். ஒரு தடவை நெற்றி வீங்கி வந்தது. அக்கா, கழற்றி வைத்திருந்த பூட்டை மறுபடி கையில் எடுத்தாள். "பூட்டிக்க லா" என்றாராம் அத்தான், "சாவிய மட்டும் என்கிட்ட குடுத்துட்டுப் போ." அவள் அழுகையும் சிரிப்புமாக எனக்குப் போன் செய்து சொன்னாள். ஒவ்வொரு நாளும் காலையில் ரோட்டோரம் போய்க் கல்லில் உட்காருவார். மூட்டை ஏற்றிப் போகும் லோரிகள் அவரைத் தாண்டும்போது ஹார்ன் அடிக்கும். கை தூக்குவார். வானம் கறுத்தால் திரும்பிவிடுவார். அவருடைய உலகம் அந்தக் குழாய் போன தூரம்தான். அதைத் தாண்டி அவரை நாங்கள் கொண்டுபோகவில்லை, அவரும் கேட்கவில்லை. அடுத்த பக்கவாதம் தூக்கத்தில் வந்தது. விடியும்போது போயிருந்தார். டாக்டர் அதற்கும் விழுந்ததற்கும் சம்பந்தமில்லை என்றார். அக்கா அதை டாக்டர் வாயால் இரண்டு முறை சொல்லக் கேட்டுக்கொண்டாள்.

இப்போது அந்த இழுப்பறை விற்பனைக்கு வந்துவிட்டது. புகார் குறைந்ததில் தொழிற்சாலைக்கு மகிழ்ச்சி. அக்கா இன்னமும் தூள் பிரிக்கிறாள், வீட்டுக்காக. ஓய்வு வயது வந்ததும் வீட்டை ஒப்படைக்க வேண்டும். என்னோடு வந்துவிடு என்று ஒவ்வொரு முறையும் கூப்பிடுவேன். "உன் ஃபிளாட்டுல உக்காந்து நான் என்னா செய்ய? செவத்தப் பாக்கவா?" என்பாள். நான் அவளை அந்த மலையில் மாட்டிக்கொண்டவளாகவே நினைத்து வருத்தப்பட்டுக்கொண்டிருந்தேன்.

போன மாதம் என் கார் பழுதாகிக் கிடந்ததால் பஸ்ஸில் போய், தோட்டத்துக்குப் பக்கத்து ஊரான கம்போங் ராஜாவில் இறங்கினேன். கடைத்தெருவில் ஒரு பழைய சின்னக் கார் என் பக்கத்தில் வந்து குலுங்கி நின்றது. ஓட்டும் இடத்தில் அக்கா இருந்தாள். கணவர் வாழ்நாளெல்லாம் ஸ்டீயரிங் பிடித்தவர். அவள் ஒருநாளும் அதைத் தொட்டதில்லை. யாரிடமும் சொல்லாமல் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்து, தேர்வில் தோற்று, மறுபடி எழுதி, லைசன்ஸ் வாங்கியிருக்கிறாள்.

"என்னாடி பாக்கற? ஏறு."

ஏறினேன். அவள் தோட்டத்துப் பக்கம் திரும்பவில்லை. கோலா தெர்லா போகும் ரோட்டில் விட்டாள். எதிரே லோரிகள் வந்தன. ஒவ்வொரு வளைவிலும் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டாள். ஒரு பிரிவில் பாதை இரண்டாகப் போனது. அவள் ஒன்றில் நுழைந்தாள்.

"இந்தப் பாதை எங்கக்கா போகுது?"

"தெரியல லா" என்றாள், கண்ணை ரோட்டிலிருந்து எடுக்காமல். "தப்பா இருந்தா திரும்பிக்கலாம்."