சாவி திருப்பினால் பாட்டு

"நான் கெட்டின வயரு பிரளயம் வந்தாலும் அவிழாது. அவ்வளவு என்னத்துக்கு, நானே நெனச்சாலும் அவிழ்க்க முடியாதாக்கும்!"

தொண்ணூற்றாறாம் ஆண்டு, பாறசாலை சந்திப்பில், எதிர்க்கடை ஜெயசிங்கின் காதில் விழவேண்டும் என்ற நல்ல நோக்கத்தோடு சிவதாணு இதைச் சொன்னார். பிரளயம் இதுவரை வராததால் முதல் பாதியைச் சோதிக்க வழியில்லை. இரண்டாம் பாதிக்கு என்ன நேர்ந்தது என்பதே இந்த வரலாறு.

சிவதாணு கார்களுக்கு ஸ்டீரியோ பொருத்துகிறவர். கோபம்தான் அவருடைய தொழில், ஸ்டீரியோ பொழுதுபோக்கு என்று சொல்வோரும் உண்டு. காலையில் கடைப் பலகையை எடுக்கும்போதே அதன்மேல் கோபம் வரும். பற்றவைக்கும் கம்பி சூடாகவில்லை என்று கத்துவார். சூடானதும் கையைச் சுட்டுவிட்டது என்று கத்துவார். துபாயிலிருந்து ஜப்பான் செட்டோடு வந்தவன் பக்கத்தில் நின்று, "சேட்டா, ஃபியூஸ் போடணும்னு புக்குல உண்டே" என்றால் போதும்.

"ஃபியூஸ் எவனுக்குலே? கெட்டினவனுக்குக் கெட்டுல நம்பிக்கை இல்லேன்னா ஃபியூஸ் போடுவான். போய் ஜெயசிங்குகிட்ட போடு!"

ஆனால் இதெல்லாம் சில்லறைக் கோபம். மொத்தக் கோபத்தை அவர் தன் அண்ணன் செந்தில்வேலுக்காகச் சேமித்து வைத்திருந்தார். அவர்களுடையது ஒரு காலத்தில் சமஸ்தானத்துக்குக் கணக்கு எழுதிய சைவக் குடும்பம். நெய்யாற்றின்கரையில் குமாஸ்தாவாக இருந்த செந்தில்வேல், ஒரு கல்யாணப் பந்தியில் பாயசம் விளம்பும் நேரம் பார்த்து, "பேனா பிடிச்ச குடும்பத்தில ஒருத்தன் டிரைவர்மாருக்குக் கம்பி சுத்துகான்" என்று சொல்லிவிட்டார். சிவதாணு இலையை மடக்கி எழுந்தார். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை. அண்ணன் வீடு இருக்கும் பெருங்கடவிளைப் பக்கமிருந்து வரும் வண்டி என்றால்கூட, முதலில் டயரை ஓர் உதை உதைத்துவிட்டுத்தான் கதவைத் திறப்பார்.

இப்படியிருக்க, ஒருநாள் பொன்னுதாஸ் தன் அம்பாசடரோடு வந்தான். கல்யாண ஓட்டம் ஓடுகிற டாக்சி. அவன் கையில் ஸ்டீரியோவின் திருகுகுமிழ் இருந்தது. ஸ்டீரியோ வண்டியில் இருந்தது. இரண்டுக்கும் நடுவே ஒரு கல்யாணம் நடந்திருந்தது.

"அண்ணே, மாப்பிளை வீடு விளவங்கோடு, பொண்ணு வீடு நெய்யாற்றின்கரை. அவியளுக்குத் தமிழ்ப் பாட்டு வேணும், இவியளுக்கு மலையாளம் வேணும். களியக்காவிளை செக்போஸ்ட் தாண்டல்ல, அதுக்குள்ள நாலு கை இதுல. பிடுங்கிட்டானுவ!"

இந்த எல்லைப்புறத்தில் பெண் கொடுப்பான், சொத்து கொடுப்பான், வீட்டுக்குள் இரண்டு பாஷையும் கலந்து பேசுவான். காருக்குள் ஏறிவிட்டால் மட்டும் கேசட்டில் ஒரு பாட்டை விட்டுக்கொடுக்க மாட்டான். உலகம் ஏன் உருப்படவில்லை என்று ஆராய்கிறவர்கள் ஒரு முகூர்த்த நாளில் இங்கே வந்து பார்க்கலாம்.

சிவதாணு பார்த்தார். கோபம் அவருக்கு யோசனையாக மாறியது.

"எவன் கையும் படப்பிடாது, அவ்வளவுதானே? நாளைக்கு வா."

தானாகவே பக்கம் மாறும் ஒரு செட்டை எடுத்தார். ஒரு பக்கம் தமிழும் மறுபக்கம் மலையாளமும் பதிந்த கேசட்டை உள்ளே தள்ளினார். சத்தத்தைக் கல்யாணத்துக்குத் தக்க அளவில் நிறுத்திக் குமிழைப் பிடுங்கினார். செட்டின்மேல் தகரப் பெட்டியை மூடி, ஆணிகளின் தலையை அரத்தால் ராவினார். சிவப்பு வயரைச் சாவியோடு உயிர்பெறும் லைனில் கட்டி, டேப் சுற்றி, அதன்மேல் குழாய் ஒழுக்கு அடைக்கும் பசையையும் அப்பினார். இனி சாவி திருப்பினால் பாட்டு. சாவியை எடுத்தால்தான் மௌனம். மேற்படி வாக்கியத்தை அவர் ஜெயசிங்குக்குக் கேட்கச் சொன்னது அப்போதுதான்.

ஏற்பாடு அபார வெற்றி. தமிழ் ஓடும்போது பெண் வீட்டார் பொன்னுதாஸைத் திட்டினார்கள். மலையாளம் ஓடும்போது மாப்பிள்ளை வீட்டார் திட்டினார்கள். சம்பந்திகள் ஒருவரை ஒருவர் திட்டிக்கொள்வது நின்றது.

அடுத்த மாசி மாதம், கடை மும்முரமாக இருந்த ஒரு காலையில், அண்ணன் பெண்டாட்டி, மைனி பகவதி, ஆளனுப்பினாள். அண்ணனுக்கு நெஞ்சுவலி, காரக்கோணம் ஆஸ்பத்திரியில் கிடந்து தேறிவிட்டார், இன்றைக்கு வீட்டுக்கு விடுகிறார்கள், கூட ஆண்துணை இல்லை.

"அதுக்கு?" என்று சிவதாணு வந்தவன்மேல் பாய்ந்தார். "பேனா பிடிச்ச கையெல்லாம் எங்க போச்சு?" பிறகு கடைப் பலகையைத் திட்டிக்கொண்டே மூடினார். முகூர்த்த நாள், ஸ்டாண்டில் ஒரு வண்டி இல்லை. கல்யாண ஓட்டம் ரத்தான பொன்னுதாஸ் மட்டும் அரளிமாலையோடு நின்றிருந்தான்.

வழியெல்லாம் பாட்டு ஓடியது. சிவதாணு கவனிக்கவில்லை. பொருத்தியவனுக்குத் தன் பாட்டு கேட்காது.

ஆஸ்பத்திரி வாசலில் செந்தில்வேலைத் தாங்கிப் பின்சீட்டில் சாய்த்தார்கள். ஆள் பாதியாகியிருந்தார். மைனி காதோடு சொன்னாள்: "தம்பி, சத்தம் ஆகாதுண்ணு டாக்டர் நல்லாட்டு சொல்லியிருக்காரு. படபடப்பு வந்தா பின்னயும் இங்கதான் கொண்டு வரணுமாம்."

பொன்னுதாஸ் சாவியைத் திருப்பினான். நாதஸ்வரமும் தவிலுமாக ஒரு கல்யாணப் பாட்டு அண்ணனின் பிடரிக்குப் பின்னிருந்து புறப்பட்டது. செந்தில்வேலின் கை நெஞ்சுக்குப் போனது. மைனி அலறினாள். பொன்னுதாஸ் சாவியை எடுத்தான்.

"எடுக்கும்போ பாட்டு வரப்பிடாது, நிறுத்துலே அத!" என்று சிவதாணு கத்தினார்.

"எங்க அண்ணே நிறுத்துகது? நீங்கதானே அடச்சு வச்சிய? ஸ்பீக்கர் வயரை அறுத்துப் போடட்டா?" அவன் பிளேடை எடுத்தான்.

"எனக்க வயருல பிளேடு வைப்பியா? கையை ஒடிச்சிருவேன்!"

செவிலிப் பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். பின்சீட்டிலிருந்து, காற்று போன குரலில், அந்தக் கல்யாணப் பந்திக்குப் பிறகு முதன்முறையாகத் தம்பியின் காதில் விழ அண்ணன் பேசினார்.

"அவன் கெட்டினதா? பின்ன விடுலே. பிரளயம் வந்தாலும் அவிழாதாம். பெருங்கடவிளை வரைக்கும் கேட்டது அந்தப் பீத்தல். அவனே நெனச்சாலும் முடியாதாம்லா. நம்ம ஊருவலம் போவோம், பகவதி."

சிவதாணுவின் முகம் கறுத்தது. இந்த ஒரு பேச்சுக்குப் பதிலாக அவரிடம் பல வருஷத்துச் சேமிப்பு இருந்தது. வாயைத் திறந்தார். அண்ணனின் கை இன்னும் நெஞ்சிலேயே இருந்ததைப் பார்த்தார். மூடினார்.

முன்கதவைத் திறந்து, வேட்டியை மடித்துக்கட்டி, டாஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து படுத்தார். பொன்னுதாஸ் குறடு நீட்டினான், வாங்கவில்லை. கட்டைவிரல் நகத்தால் பசையின் ஓர் ஓரத்தை நெம்பினார். அது சிப்பி மாதிரி முழுசாகக் கழன்று வந்தது. டேப்பைச் சுற்றி எடுத்தார். உள்ளே பற்றவைப்பும் இல்லை, பின்னலும் இல்லை. ஒரு வயரின் கொக்கியில் இன்னொரு வயரின் கொக்கி. இழுத்தார். வந்துவிட்டது.

பின்சீட்டில் சாய்ந்திருந்தவருக்கு அது நன்றாகத் தெரிந்தது. முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

சிவதாணு சிவப்பு வயரின் நுனிக்குத் துண்டு டேப் சுற்றினார். கழன்ற பசையை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். முன்சீட்டில் ஏறி, யாரையும் பார்க்காமல் கதவை மெல்லச் சாத்தினார்.

"எடு மக்கா," என்றார். "குழி பாத்துப் போ."

பொன்னுதாஸ் சாவியைத் திருப்பினான். எஞ்சின் சத்தம் மட்டும் கேட்டது.