பூச்சட்டியின் கொள்ளளவும் பதினோரு விதிகளும்

இருபத்து நான்கு வயதில் என்னிடம் கணிதத்தில் ஒரு முதுகலைப் பட்டமும், ஒரு ஜோடி தோல் செருப்பும், அளவுக்கு மீறிய தலைக்கனமும் இருந்தன. விருதுநகரைத் தாண்டிய பொட்டலில் புதிதாக முளைத்திருந்த ஒரு பொறியியல் கல்லூரி எனக்கு விரிவுரையாளர் வேலை கொடுத்தது. முதலாண்டுப் பிள்ளைகளுக்குப் பல மாறிகளின் நுண்கணிதம் நடத்த வேண்டும். காரியாபட்டியிலிருந்து பேருந்தில் நின்றுகொண்டே போவேன். இறங்கியதும் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, மேதை மாதிரி மெதுவாக நடப்பேன்.

பிரவுசிங் சென்டர்கள் தெருவுக்கு ஒன்றாக இருந்த காலம் அது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் ஒவ்வொரு பாடத்துக்கும் வீட்டுப்பாட விதிகள் என்று தனியாக ஒரு பக்கம் போட்டிருப்பதை அங்கேதான் பார்த்தேன். எனக்கும் ஆசை வந்துவிட்டது. உட்கார்ந்து பதினோரு விதிகள் எழுதினேன். திங்கள்கிழமை காலை ஒன்பது மணிக்கு என் மேசைக்கு வர வேண்டும், ஒன்பது ஒன்றுக்கு வந்தால் பூஜ்யம். வெள்ளை ஏ4 தாள், ஒரு பக்கம், நீல மை. பள்ளிக்கூடத்துச் சூத்திரங்களைத் தொடவே கூடாது. கடைசி விதி, விதிகளைப் பற்றி விவாதம் கிடையாது என்பது. லேமினேட் செய்து வகுப்புச் சுவரில் ஒட்டினேன்.

எங்கள் துறைத் தலைவர் அம்மா அதை மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு முழுக்கப் படித்தார். "தம்பிக்குக் கல்யாணம் ஆயிருச்சா?" என்று கேட்டார். இன்னும் இல்லை என்றேன். "தெரியுது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மூன்றாவது வீட்டுப்பாடத்தை ஊருக்கு ஏற்ற மாதிரி கொடுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. வகுப்பில் பாதிப் பேர் சிவகாசிப் பக்கம். வீட்டுக்கு ஒருவராவது பட்டாசு வேலைக்குப் போகிறவர்கள். வெளியூரில் புஸ்வாணம் என்று சொல்லும் பூச்சட்டியை எடுத்துக்கொண்டேன். காகிதக் கூம்பை முனை கீழே, வாய் மேலே இருக்கும்படி நிறுத்தித்தான் மருந்து நிரப்புவார்கள். அந்தக் கூம்பு எவ்வளவு மருந்து பிடிக்கும் என்று டிரிப்பிள் இன்டெக்ரல் போட்டுக் கண்டுபிடிக்க வேண்டும். அதே மாதிரி ஒன்றை, அளவை மட்டும் மாற்றி, கரும்பலகையில் போட்டும் காட்டினேன். கூம்பின் கொள்ளளவுக்குப் பத்தாம் வகுப்பிலேயே சூத்திரம் உண்டு. அதைப் போட்டு விடையைச் சரிபார்ப்பது என் கௌரவத்துக்குக் குறைச்சலாகப் பட்டது.

திங்கள்கிழமை ஐம்பத்துச் சொச்சம் வெள்ளைக் கட்டுகள் வந்தன. ஒன்று மட்டும் பட்டாசு லேபிள் அச்சடித்த தாள். தாயில்பட்டியிலிருந்து வரும் பெண் கொண்டுவந்தது. அவள் அண்ணன் சிவகாசியில் ஒரு பிரஸ்ஸில் வேலை பார்த்தான். தப்பாக அச்சான தாள்கள் அவர்கள் வீட்டில் குவிந்து கிடக்கும். முன்பக்கத்தில் ஒரு மயில் இருந்தது. அதன் நீல நிறம் உடம்பை விட்டு அரை அங்குலம் தள்ளி விழுந்திருந்தது.

"என்னம்மா இது?"

"வேஸ்ட் தாள் சார். பின்னாடி வெள்ளையாத்தான் இருக்கு."

"வெள்ளைத் தாளில் எழுதணும்னு விதி இருக்கே."

"ஒரு பக்கந்தான சார் எழுதச் சொன்னீக. அந்தப் பக்கம் வெள்ளதான?"

வகுப்பு சிரித்தது. எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. உள்ளே என்ன எழுதியிருக்கிறாள் என்றுகூடப் பார்க்காமல், மயிலின் மேலேயே சிவப்பு மையில் பெரிதாக ஒரு பூஜ்யம் போட்டேன்.

"கணக்கயாவது பாருங்க சார்," என்றாள். "அம்மை போட்டு முத டெஸ்ட்டும் எழுதல. இதுவும் போச்சுன்னா இன்டர்னல்ல ஒண்ணுமே தேறாது சார்."

விவாதம் கிடையாது என்றேன். அவள் முகம் சுண்டிப்போனது. போய் உட்கார்ந்தாள்.

மத்தியானம் ஆசிரியர் அறையில் திருத்த உட்கார்ந்தேன். எல்லோரும் நான் போட்டுக்காட்டிய மாதிரியே போட்டிருந்தார்கள். சரி, சரி, சரி என்று டிக் அடித்துத் தள்ளினேன். டீ வந்தது. மேசையில் கறை படக் கூடாதென்று லேபிள் தாளைத் திருப்பிப் போட்டு அதன் மேல் கிளாஸை வைத்தேன். குடித்துவிட்டு எடுத்தபோது, ஈர வட்டத்துக்குள் அவள் வரைந்திருந்த கூம்பு தெரிந்தது. அதைச் சுற்றியிருந்த இடத்தைக் கோடு போட்டு நிழலடித்து, பக்கத்தில் சிறிய எழுத்தில் எழுதியிருந்தாள்: 'போர்டில் போட்ட லிமிட்படி மருந்து கூம்புக்கு வெளியே கிடக்கிறது.' அதற்குக் கீழே அவளே லிமிட்டை, அதாவது அளக்கத் தொடங்கும் இடத்தையும் முடிக்கும் இடத்தையும், மாற்றிக் கணக்கை முடித்திருந்தாள். விடை என்னுடையதில் சரிபாதி.

கூம்பின் சுவரிலிருந்து மேலே வாய் வரைக்கும் அளக்க வேண்டியதை, நான் கீழே தரையிலிருந்து சுவர் வரைக்கும் அளந்திருக்கிறேன். யாருக்கும் தெரியாமல் பத்தாம் வகுப்புச் சூத்திரத்தைப் போட்டுப் பார்த்தேன். அவள் விடைதான் வந்தது. எனக்கு வியர்த்துவிட்டது.

மறுநாள் நான் செய்த காரியத்தை இப்போது சொல்லவும் வெட்கமாக இருக்கிறது. வகுப்பில் தொண்டையைச் செருமிக்கொண்டு, ஏழ்மையைக் கருதித் தாள் விதியை இந்த ஒரு முறை தளர்த்துவதாகவும், அந்தப் பெண்ணுக்குப் பத்துக்குப் பத்து போடுவதாகவும் அறிவித்தேன். பிள்ளைகள் கைதட்டினார்கள். கருணையே உருவாக நின்றேன். அவள் எழுந்து "தேங்க்ஸ் சார்" என்றாள். நான் இன்னும் ஏதோ சொல்லப் போகிறேன் என்பது போலக் கொஞ்ச நேரம் நின்றாள். நான் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அடுத்த வீட்டுப்பாடத்திலும் ஒரு கூம்புக் கணக்கு இருந்தது. முதல் ஆளாக, ஒன்பது மணிக்குக் கால் மணி நேரம் முன்னதாகவே அவளுடைய கட்டு வந்துவிட்டது. வெள்ளை ஏ4 தாள், நீல மை, அடிக்கோல் வைத்துப் போட்ட மார்ஜின். உள்ளே லிமிட் அச்சு அசலாக நான் போட்டது. மருந்து மொத்தமும் கூம்புக்கு வெளியே. சரியாகப் போடத் தெரிந்த ஒரே பெண்ணுக்குத் தப்பாகப் போடக் கற்றுக்கொடுத்துவிட்டேன்.

அந்தத் தாளோடு வகுப்புக்குப் போனேன். "நான் போட்டுக்காட்டின கணக்கு தப்பு. கூம்புக்கு வெளியே அளந்துட்டேன்," என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். சலசலப்பு எழும் என்று பார்த்தால் ஒருவரும் அசையவில்லை. முதல் பெஞ்சுப் பையன் மட்டும் மரியாதையாக எழுந்து நின்றான்.

"தெரியும் சார்."

"எப்போ தெரியும்?"

"நீங்க போர்டுல போட்ட அன்னைக்கே. பத்தாங்கிளாஸ் சூத்திரத்தப் போட்டுப் பாத்தோம். ஒங்க விடை அதுக்கு ரெண்டு மடங்கு இருந்துச்சு."

"அப்புறம் ஏன் எல்லாரும் அப்படியே எழுதினீங்க?"

"நீங்க போட்ட மாதிரி எழுதுனாத்தான சார் மார்க்கு போடுறீக?"

சரியான லிமிட்டைக் கரும்பலகையில் எழுதிவிட்டுத் திரும்பினேன். பின்வரிசையில் தாயில்பட்டிப் பெண் எழுந்து நின்றாள்.

"சார், அப்ப பரீச்சைக்கு எத சார் எழுதணும்? உள்ள இருக்குறதயா, வெளிய இருக்குறதயா?"

அவள் குரலில் கிண்டல் துளியும் இல்லை. நோட்டைத் திறந்து, பேனா மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டு, நான் எதைச் சொல்கிறேனோ அதை எழுதிக்கொள்ளக் காத்திருந்தாள்.