இடது சக்கரத்துப் பக்கம் நின்றவன்

இது நடந்தது. கதை கட்ட எனக்குத் தெரியாது. நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைக் கைகழுவி விட்டது. நம்ப முடியாதவர்கள் நம்ப வேண்டாம், எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. நானே எவனையும் நம்பாதவன். கடைக்காரன் தராசைத் தொட்டால் அவன் விரலைப் பார்ப்பேன். ஊசி போட வந்தால் மருந்துப் புட்டியை வாங்கி வெளிச்சத்தில் பிடிப்பேன். அப்படிப்பட்ட நான் ஏமாந்தேன். நடுராத்திரியில் இல்லை. சாயங்காலம் நாலு மணிக்கு, நல்ல வெளிச்சத்தில்.

என் மகள் லாரி ஓட்டுகிறாள். நான் ஓட்டினேன், இப்போது அவள் ஓட்டுகிறாள், அவ்வளவுதான். கல்குவாரி லோடு. போன மழையில் குவாரி மேட்டில் அவள் வண்டி சறுக்கிப் பள்ளத்தில் போய் விழுந்தது. குதித்ததால் பிழைத்தாள். இடது கையைத் தோளுக்கு மேல் தூக்க இன்னும் வராது.

சறுக்கியதற்குக் காரணம் டிஃபரன்ஷியல். பின் அச்சின் நடுவில் குடம் மாதிரி ஓர் இரும்பு உருண்டை இருக்குமே, அதற்குள்தான் இருக்கிறது. இஞ்சின் சக்தியை இரண்டு பின்சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுப்பது அதுதான். சாதா வகை என்றால், எந்தச் சக்கரம் சேற்றில் வழுக்குகிறதோ அதற்கே எல்லாச் சக்தியும் போய்விடும். அது சும்மா சுற்றும், மற்றது மரமாக நிற்கும். லாக் வகையில் இரண்டும் சேர்ந்தே சுற்றும், சேற்றிலும் ஏறிவிடும். அதனால் பழைய வண்டியே வாங்கினாலும் லாக் வண்டிதான் என்று ஒரே பிடியாக நின்றேன். அது இல்லாமல் அவளை மறுபடி அந்த மேட்டுக்கு விடுவதாக இல்லை.

விற்றவர் ஒரு வாத்தியார். ஊருக்கு ஒதுக்குப்புறமாகத் தனி வீடு. பக்கத்தில் தகரக் கொட்டகை, அதற்குள் வண்டி. நானும் மகளும் போனபோது மழை அப்போதுதான் விட்டிருந்தது. முற்றம் முழுக்கச் சேறு.

"அண்ணன் வண்டிங்க. லாக் வச்சதுன்னு சொல்லுவாரு. எனக்கு வண்டியப் பத்தி ஒண்ணும் தெரியாது" என்றார்.

"அண்ணன் எங்க?"

"அவரு இப்போ ஓட்டுறதில்லைங்க."

நான் கேட்டதற்கு இது பதில் இல்லை. மனசில் போட்டு வைத்துக்கொண்டேன்.

"நான் சோதிச்சுப் பாக்கணும்" என்றேன்.

"ஆரம்பிச்சிட்டாரு" என்றாள் மகள். "எனக்கு மாப்பிள்ளை பாக்க வந்தப்பவும் இப்படித்தான். மாப்பிள்ளையோட பல்லை எண்ணுனாரு."

"எண்ணுனதாலதான் ஒண்ணு கட்டுப்பல்லுன்னு தெரிஞ்சுது."

வாத்தியார் சிரிக்கவில்லை. அவள் வண்டிக் காகிதங்களைப் பார்க்க அவரோடு வீட்டுக்குள் போனாள். நான் ஜாக்கியை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குள் போனேன்.

சோதனை ரொம்பச் சுலபம். இரண்டு பின்சக்கரத்தையும் தரையிலிருந்து தூக்கிக் கட்டை கொடுக்க வேண்டும். கியரை நியூட்ரலில் போட வேண்டும். ஒரு சக்கரத்தைக் கையால் சுற்ற வேண்டும். மற்றது எதிர்ப்பக்கம் சுற்றினால் சாதா. அதே பக்கம் சுற்றினால் லாக். ஒரே கஷ்டம், இதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருத்தர் சுற்ற, ஒருத்தர் எதிர்ப்பக்கம் நின்று பார்த்துச் சொல்ல. சுற்றிவிட்டு ஓடிப் போய்ப் பார்க்கும் வயசா எனக்கு?

கட்டை வைக்கக் குனிந்தபோது வண்டிக்கு அடியில் பார்த்தேன். இடது சக்கரத்துக்கு அந்தப் பக்கம் இரண்டு கால்கள். செருப்பு இல்லை. வாத்தியார் வேலைக்காரனை அனுப்பியிருக்கிறார் என்று நினைத்தேன். என் செருப்பில் ஒரு கிலோ சேறு அப்பியிருந்தது. அந்தக் கால்களில் ஒரு பொட்டுச் சேறு இல்லை.

எங்கே நின்று வந்தானோ என்று விட்டுவிட்டேன்.

வலது சக்கரத்தை முன்பக்கமாகச் சுற்றினேன். "எந்தப் பக்கம் சுத்துதுப்பா?" என்று கத்தினேன்.

"நீங்க சுத்துற பக்கந்தான்."

பின்பக்கமாகச் சுற்றினேன். "இப்போ?"

"இப்பவும் உங்க பக்கந்தான்."

அப்படியானால் லாக். ஆனால் வாத்தியார் சொல்லிக் கொடுத்து அனுப்பியிருந்தால்? நான் விடுவேனா? சக்கரத்திலிருந்து கையை எடுத்துவிட்டேன். அப்படியே நின்றுகொண்டு மறுபடி கத்தினேன்.

"இப்போ எந்தப் பக்கம்?"

தகரத்திலிருந்து தண்ணீர் சொட்டியது... சொட்... சொட்...

"நீங்க இன்னும் சுத்தலையே."

அந்த ஒரு பதிலில் விழுந்துவிட்டேன். பொய்க்காரனாக இருந்தால் வாயில் வந்ததைச் சொல்லியிருப்பான். என் வாழ்நாளில் பார்த்த உடனே நான் நம்பிய ஆள் அவன் ஒருத்தன்தான். பார்த்த என்ன பார்த்த... முகத்தையே பார்க்கவில்லை.

கொண்டு போயிருந்த பேட்டரியைப் போட்டோம். வண்டி கிளம்பியது. மகள் வாசல் வரை ஓட்டி நிறுத்திவிட்டு, சாவியை வாத்தியாரிடமே திருப்பிக் கொடுத்தாள். பேசி முடித்தோம். வாத்தியார் சாவியைக் கொடுக்கும்போது என் கையைத் தொடாமல் கொடுத்தார்.

வரும் வழியில் சொன்னேன். "வாத்தியார் எப்படியோ, அந்த ஆளு நல்லவன்."

"எந்த ஆளு?"

"கொட்டகையில எனக்குச் சக்கரம் பாத்துச் சொன்னவன்."

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். "தனியாத்தான் இருக்கேன், பேச்சுத் துணைக்குக்கூட ஆளில்லைன்னு இப்பதானேப்பா அவரு புலம்புனாரு?"

அப்போதுதான் அந்தச் சத்தம் காதில் பட்டது.

தொப்... தொப்... தொப்... தொப்...

இடது பக்கம், பின்னால். வெறுங்காலோடு யாரோ கூட ஓடி வருகிற மாதிரி. அவள் வேகத்தைக் கூட்டினால் அதுவும் கூடியது. குறைத்தால் குறைந்தது. டயரில் கல் ஒட்டியிருக்கும் என்றாள். நானும் தலையை ஆட்டினேன்.

வழியில் ஒரு மேடு வந்தது. இந்த வயசு வண்டி திணறியிருக்க வேண்டும். திணறவில்லை. பின்னால் கை கொடுத்துத் தள்ளுகிற மாதிரி ஏறியது.

ரயில்வே கேட் மூடியிருந்தது. அவள் இஞ்சினை அணைத்தாள்.

தொப் தொப் நின்றது.

அதற்குப் பதிலாக வேறு ஒன்று...

ஹ்ஹா... ஹ்ஹா... ஹ்ஹா...

மூச்சு வாங்கும் சத்தம்.

என் பக்கத்துக் கதவுக்கு வெளியே. இடது பக்கம்.

கண்ணாடியை ஏற்றினேன். வெளியே பார்க்கவில்லை. அவளும் பார்க்கவில்லை. கேட் திறக்கும் வரை இரண்டு பேரும் முன்னால் இருந்த தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டு இருந்தோம்.

மறுநாள் காலை என் மச்சினனைக் கூப்பிட்டேன். மெக்கானிக். வாயாடி. அச்சைப் பிரித்துப் பார் என்றேன்.

"ஓடுற வண்டிய எதுக்கு மாமா பிரிக்கச் சொல்றீங்க? உங்களுக்குப் பொழுது போகலைன்னா சீட்டு ஆடுங்க."

"பிரிடா."

இடது சக்கரத்து நடுவில் இருந்த போல்ட்டுகளைக் கழற்றினான். உருண்டையிலிருந்து சக்கரத்தைச் சுற்ற வைக்கும் நீளக் கம்பி அது வழியாகத்தான் வெளியே வரும். ஆக்ஸில் என்போம். என் கை நீளத்துக்கு மேல் இருக்க வேண்டும்.

முழங்கை அளவுதான் வந்தது.

ஒடிந்திருந்தது. ஒடிந்த முனை முழுக்கத் துரு. நேற்று ஒடிந்ததில்லை.

மச்சினன் சிரிப்பதை நிறுத்தினான். "எதுல மாமா கட்டி இழுத்துட்டு வந்தீங்க?"

"ஓட்டிட்டு வந்தோம்."

"வெளையாடாதீங்க."

"லாக் வண்டிடா. லாக் இருந்தா ஒத்தச் சக்கரத்துலயும் ஓடும்ல?" அந்த ஒரு சமாதானம்தான் என்னிடம் மிச்சம் இருந்தது.

அவன் உருண்டையின் மூடியைக் கழற்றினான். டார்ச் அடித்தான். ரொம்ப நேரம் பார்த்தான்.

"சாதா மாமா. லாக்கும் இல்லை, ஒண்ணும் இல்லை. ஒரு ஆக்ஸில் ஒடிஞ்சா இது ஒரு அடி நகராது."

மகள் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். "ஆக்ஸிலை மாத்திட்டு லாக் ஒண்ணு போட்டுக்கலாம்ப்பா. திங்கக்கிழமை குவாரி லோடு எடுத்திருக்கேன்" என்றாள். குரல் மட்டும் சரியாக இல்லை.

கம்பி ஒடிந்திருந்தால் நான் எப்படிச் சுற்றினாலும் இடது சக்கரம் அசைந்தே இருக்காது. அப்படியானால் அவன் எதைப் பார்த்துச் சொன்னான்? நான் சுற்றவில்லை என்று... அவனுக்கு எப்படித் தெரிந்தது?

வாத்தியாருக்குப் போன் போட்டேன். மகளுக்கும் கேட்கட்டும் என்று சத்தத்தைக் கூட்டி வைத்தேன்.

"ஆக்ஸில் எங்க வச்சு ஒடிஞ்சுது?"

"அது ஒடிஞ்சிருக்குன்னே எனக்குத் தெரியாதுங்க... ஒடிஞ்சிருந்தா குவாரி மேட்டுலதான் ஒடிஞ்சிருக்கும். போன வருஷம்."

மகள் நிமிர்ந்தாள். அதே மேடு.

"அண்ணன் இடப்பக்கம் இறங்கி, குனிஞ்சு பாத்திருக்காரு. வண்டி பின்னால உருண்டுருச்சு. அங்கயே..."

லாக் வண்டி என்றால்தான் மகளை அந்த மேட்டுக்கு விடுவேன். அதை நான் அந்தக் கொட்டகையில் ஒருத்தரிடமும் சொல்லவில்லை. அவன் சொன்னது சரியாக அந்த ஒரு பொய். கூடவே ஓடி வந்து எங்களை வீடு சேர்த்தானா... இல்லை, அவளை அங்கே வரவழைக்கத்தான் அத்தனை பாடும் பட்டானா?

"வாத்தியாரே. நகர முடியாத வண்டிய மேட்டுலேருந்து உங்க வீட்டுக்கு யாரு கொண்டுவந்தது?"

"அது தெரியலைங்க. விடியக்காலம் கதவைத் திறந்தா வாசல்ல நிக்குது. இஞ்சின் சூடா இருந்துச்சு. அண்ணன் வந்துட்டாருன்னு உள்ள தேடுறேன்... அப்போதான் குவாரிலேருந்து ஆள் வந்து, அண்ணன் மேட்டுல கிடக்குறாருன்னு சொல்றான். யாரோ ஓட்டிட்டு வந்து விட்டுட்டு, பயந்து ஓடிட்டான்னு நெனச்சோம்."

"அப்புறம்?"

"அப்புறம் அண்ணனை எடுத்தோம். வண்டிக்கு ஒரே ஒரு சாவிதாங்க..."

"சொல்லுங்க."

"அது அவரு உள்ளங்கையில இருந்துச்சு. விரலைப் பிரிச்சுத்தான் எடுத்தோம். அதைத்தான் நேத்து உங்ககிட்ட குடுத்தேன்."

மகள் தன் கையில் இருந்த சாவியைப் பார்த்தாள்.