நாற்பது பேரின் பிடரி

பனியன் கம்பெனியில் லைன் சூப்பர்வைசராக இருப்பவனுக்கு நாள் முழுக்கத் தெரிவது நாற்பது பேரின் பிடரிதான். இதே வேலையில் அல்லாடுகிறவர்களே, வீரபாண்டியில் எனக்கு நடந்ததைக் கேளுங்கள், உங்களுக்கும் நடந்திருக்கும்.

வளைந்து போகும் இடம்

எங்கள் லைனுக்கும் தண்ணீர்க் கேனுக்கும் நடுவே வெறும் சிமெண்டுத் தரை. அதில் யாரும் கால் வைப்பதில்லை. எல்லோரும் சுவரோரமாக வளைந்துதான் போவார்கள். ஒடிசாவிலிருந்து காலையில் வந்து சேர்ந்த பெண்கள்கூட மத்தியானத்துக்குள் வளைந்து போனார்கள். காரணம் யாருக்கும் தெரியவில்லை. "அங்கே யாரோ செத்திருக்காங்களாட்டம்" என்றாள் உள்ளூர்க்காரி ஒருத்தி. எனக்கே அந்தப் பக்கம் பார்க்கக் கூசியது.

கம்பெனியில் என்னைப் போலப் பழைய ஆள் மிஷின் மெக்கானிக் ரஹீம் பாய் மட்டும்தான். அவரிடம் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. "ஷீட் ஒழுகுது, சுத்திப் போங்கன்னு நீங்கதானுங்க சத்தம் போட்டீங்க. கூரையை மாத்தி நாலு வருசம் ஆச்சுங்க. அன்னிக்கு லைன்ல இருந்தவங்க ஒருத்தரும் இப்ப வேலையில இல்லீங்க."

பெல் அடிக்காத நாள்

சாப்பாட்டு பெல் ரிப்பேர். ஆனாலும் சரியாக ஒரு மணிக்கு எல்லோரும் ஒன்றாக எழுந்தார்கள். பழக்கம் என்று விட்டுவிடலாம். அன்று காலைதான் வேலைக்கு வந்த சுனிதாவும் அதே நொடியில் எழுந்து திருதிருவென்று நின்றாள். "பசிக்குதாம்மா?" என்றேன். "பசி இல்லை சார். கால் தானா எந்திரிச்சிருச்சு."

புகை

ஒருநாள் பதினொரு மணிக்கு அயர்னிங் பக்கமிருந்து புகை வந்தது. கண் எரிந்தது. நாற்பது பேரும் தலை தூக்கினார்கள், பக்கத்து முகத்தைப் பார்த்தார்கள், மறுபடியும் தைக்க ஆரம்பித்தார்கள். யாரும் பதறவில்லையே என்று நானும் நின்றேன்.

மண்ணரை ஊரிலிருந்து வரும் கமலம் அக்கா, லைனில் சேராமல் தனியாகச் சுவரைப் பார்த்து உட்கார்ந்து நூல் பிசிறு வெட்டுகிறவர். எங்கள் முகம் எதுவும் அவர் கண்ணில் படாது. அவர்தான் "தீ!" என்று கத்திக்கொண்டு கதவைத் தள்ளி ஓடினார். அடுத்த நொடி எல்லோரும் ஓடினோம். கடைசி ஆள் வெளியே வரும்போது துணி மூட்டைகள் பற்றிவிட்டன. நல்லவேளை, ஒருவருக்கும் காயமில்லை.

வாசலில் மூச்சிரைக்க நின்ற டெய்லர் பழனிச்சாமியிடம், "உங்களுக்குப் பயமே வரலீங்களா?" என்று கேட்டேன். "வந்துச்சுங்க. உங்களுக்கு வரலையேன்னுதான் உக்காந்திருந்தனுங்க."

இதெல்லாம் பிறவிக் குணமா, பார்த்துப் பழகியதா என்பதைப் படித்தவர்கள் முடிவு செய்யட்டும், நான் என் நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டேன்.