பனியன் துணியில் வார்த்த தூண்

திருப்பூரில் எனக்குச் சின்ன நிட்டிங் பட்டறை. 2007 பிப்ரவரியில் திருவனந்தபுரத்து ஆர்க்கிடெக்ட் ஒருவர் குழாய் போல் பின்னிய துணி கேட்டார். எதற்கு என்றால், தூண் வார்க்கவாம்! சென்ட்ரிங் பலகைக்குப் பதிலாகத் துணிக்குள் கான்கிரீட். என் துணி அரை டன் எடையைத் தாங்குமா என்ற பயத்தில் தூக்கமே போயிற்று. நேரில் பார்த்துவிடுவோம் என்று ரோலோடு ரயிலேறினேன்.

காலை 6.40க்குத் திருவனந்தபுரம் தம்பானூர் ஸ்டேஷன். விழிஞ்ஞம் பக்கத்துச் சைட்டுக்கு 16 கிலோமீட்டர், ஆட்டோவுக்கு 170 ரூபாய் (200 கேட்பார்கள், பேசிக் குறையுங்கள்). ரோல் எதற்கு என்று கேட்ட டிரைவரிடம் விஷயத்தைச் சொன்னேன். "துணியிலோ தூணு?" என்றவர், கண்ணாடியில் என்னை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

மேஸ்திரி செல்வராஜ் மார்த்தாண்டத்துக்காரர். ஒன்பதடி உயரத்திலிருந்து துணியைத் தொங்கவிட்டு, அடியை இறுக்கிக் கட்டினார். சாரத்தின் மேலிருந்து இரண்டு பேர் கலவையை ஊற்ற, இவர் கீழே நின்று துணியைத் தட்டிக்கொண்டிருந்தார். துணி உப்ப உப்ப, பின்னல் கண்ணிகள் விரிவதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

முக்கால் பாகம் ஏறியதும் இடுப்பு உயரத்தில் ஓரிடம் மட்டும் புடைத்தது.

"காத்து நிக்குது சாரே. ஒரு குத்து குத்தினா போயிரும்" என்று ஆணியை எடுத்தார். நான் கத்துவதற்குள் குத்திவிட்டார். சாக்கில் குத்தினால் ஓட்டையோடு நிற்கும். பின்னல் துணியில் ஒரு கண்ணி அறுந்தால் வரிசையாகப் பிரிந்துகொண்டே போகும். போனது. ஒரு சாண், இரண்டு சாண். பிளவில் ஜல்லி எட்டிப் பார்த்தது. செல்வராஜ் நெஞ்சைக் கொடுத்து அணைத்துக்கொண்டார்.

"விலகுங்கண்ணே!"

"இப்பம் மாறினா மேல வந்து விழும் சாரே. தலையில கெடக்க தோர்த்த எடுத்துச் சுத்துங்க!"

ஓடிவிடலாம் என்றுதான் கால் சொன்னது. எப்படிப் பக்கத்தில் போனேன் என்று தெரியாது. அவர் தலைத்துண்டை உருவி, தூணைச் சுற்றி இறுக்கி முடிச்சுப் போட்டேன். நின்றது.

மூன்றாம் நாள் துணியை உரித்தோம். தூண் முழுக்கக் கண்ணி கண்ணியாகப் பின்னல் தடம். இடுப்பில் மட்டும் துண்டு இறுக்கிய பள்ளம், நடுவே முடிச்சின் குழி.

"பிரமாதம்! மிச்சம் ஏழு தூணுக்கும் இதே மாதிரி வேணும்" என்றார் ஆர்க்கிடெக்ட்.

"அப்பம் ஏழு தடவ துணி கீறணும். கீழ யாரு நிப்பா சாரே?" என்றார் செல்வராஜ். ஆர்க்கிடெக்ட் சிரித்தார். நாங்கள் இருவரும் சிரிக்கவில்லை.

இப்படி வார்க்க நினைப்பவர்களுக்கு: ஆணியைப் பக்கத்தில் விடாதீர்கள். ஊற்றுமுன்பே வெளியே கயிறு சுற்றிவிடுங்கள். வேடிக்கை பார்ப்பதானால் பத்தடி தள்ளி நில்லுங்கள். அந்தத் தூண் இப்போது கட்டடத்து வாசலுக்கு இடப்பக்கம் இருக்கிறது. வருகிறவர்கள் எல்லாரும் அந்தப் பள்ளத்தைத் தடவிப் பார்த்து அழகு என்கிறார்களாம். எனக்குத் தொடக் கை வரவில்லை.